பாதரசம் இறங்கிய காலை

…இல்லை, அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் ஏறிவிடும், வேறு எதையாவது நினைக்கலாம், எதிர்ச்சுவரில் ஒரு பல்லி இருக்கிறது, பல்லியை நினைக்கலாம், பல்லிக்கு ரத்தக் கொதிப்பு உண்டா, இருக்காது, இருந்தால் பூச்சி வருகிற வரைக்கும் இப்படி அசையாமல் காத்திருக்குமா, எப்போதோ மண்டை வெடித்துக் கீழே விழுந்திருக்கும்… பார், பல்லியில் ஆரம்பித்து அதற்குள் மண்டை வெடிப்புக்கு வந்துவிட்டேன். மூச்சை மெதுவாக இழு தவசி, மெதுவாக விடு. இந்த ஒரு மாதமாக நான் இழுத்து விட்ட மூச்சையெல்லாம் சாக்கில் பிடித்துக் கட்டி வைத்திருந்தால் போடி ரயிலை மதுரை வரைக்கும் கரியில்லாமல் ஓட்டியிருக்கலாம். இன்றைக்கு மட்டும் இறங்கியிருந்தால் போதும், நாளையிலிருந்து எங்கே வேண்டுமானாலும் ஏறட்டும், இன்றைக்கு டாக்டர் ஹபீப் ரஹ்மான் வாயிலிருந்து ‘இறங்கிருச்சு மாமா, மலைக்குப் போகலாம்’ என்று ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் ஐப்பசி முடிவதற்குள் ஜீப்பைப் பிடித்துப் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கிற என் மகள் அன்னக்கொடிக்கு வளையல் போடுகிற அன்று நானும் ஒரு மனிதனாகப் போய் நிற்கலாம். வராவிட்டால்… வராவிட்டால் என் வீட்டுக்காரி சுருளியம்மாள் மட்டும் போவாள், ஏழு வகைச் சோற்றையும் கட்டிக்கொண்டு, நான் வாசலில் உப்பில்லாத கஞ்சியோடு உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைச்சன் பேரப்பிள்ளை. அதை எப்படி நினைக்காமல் இருப்பது? அதனால்தான் கொதிக்கிறது என்றால் கொதித்துத் தொலையட்டும்… கூடாது, கூடாது, பல்லி, பல்லி. பெஞ்சியின் அந்தக் கோடியில் சுருளியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் இரண்டு கையும், காலையிலிருந்து வாய் திறக்கவில்லை, அது நல்லதுதான், தான் பேசினால் எனக்கு ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

‘லேசாத்தேன் மாமா இருக்கு’ என்றுதான் போன மாதம் ஹபீப் சொன்னான். லேசாக! ஏலக்காய்த் தரகில் தலை நரைத்தவனிடம் போய் லேசு என்று சொல்லலாமா? ‘லேசா ஈரம்’ என்று ஒருவன் சொன்னால் அந்த மூட்டையைப் பிழிந்து கொட்டகுடி ஆற்றை இன்னொரு தடவை ஓடவிடலாம் என்று அர்த்தம், ‘லேசா பூச்சி’ என்றால் உள்ளே பூச்சிகள் பேரன் பேத்தி எடுத்திருக்கும் என்று அர்த்தம். அவன் லேசு என்று சொன்ன அந்த நிமிடம் என் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதாகவே எனக்குப் பட்டது, உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கோணவில்லை, ஆனாலும் கோணுவதற்கு யோசித்துக்கொண்டிருந்தது. ஹபீப்பைக் குற்றம் சொல்ல மாட்டேன், தங்கமான பிள்ளை, சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவன், அவன் அத்தா சிக்கந்தர் ராவுத்தரும் நானும் மாமன் மச்சான் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டவர்கள், அந்த வழியில் நான் அவனுக்கு மாமா, இவள் அத்தை. ராவுத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்த வரைக்கும் ஏலக்காய் மண்டியில் வாங்குகிற கையாக நின்று என்னை மூச்சு முட்ட வைத்த ஒரே மனிதர் அவர்தான். அவர் பிள்ளை இப்போது அதே வேலையை ரப்பர் உருண்டையை வைத்துச் செய்கிறான்.

அந்த முதல் தடவை நடந்த கூத்தை எங்கே போய்ச் சொல்வது… எங்கள் மண்டியில் வாயால் விலை பேசுகிற பழக்கம் கிடையாது. விற்கிறவனுக்காக நான் கையை நீட்டுவேன், வாங்குகிறவன் கையை நீட்டுவான், இரண்டு கைக்கும் மேலே ஒரு துண்டு விழும், துண்டுக்கு மேலே வாய்கள் மழையைப் பற்றியும் மச்சினன் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும், துண்டுக்கு அடியில் விரல்கள் விலையைப் பேசும், விரலைப் பிடித்தால் இவ்வளவு, கணுவைத் தொட்டால் அதில் பாதி, உள்ளங்கையைச் சுரண்டினால் ‘உன் மூட்டையை நீயே வைத்துக்கொள்’. பக்கத்தில் நிற்கிறவனுக்கு மூச்சு விடக் கூடாது. என் வலது கை இப்படி வெயில் படாமலே கிடந்து கிடந்து என் முகத்தைவிட ஏழு மடங்கு வெளுப்பு, இருட்டில் விளக்கு இல்லாமல் அதை வைத்தே வீட்டுக்கு வந்திருக்கிறேன். துண்டு விழுந்ததும் நெஞ்சு திம் திம் என்று அடிக்க ஆரம்பிக்கும், அடிக்காவிட்டால் அவன் தரகனே இல்லை. இப்படிப்பட்ட கையின் மேலே ஹபீப் ஒரு துணிப்பட்டையைக் கொண்டுவந்து சுற்றினால் அது என்ன செய்யும்? துணி விழுந்துவிட்டது, எதிரே சிக்கந்தர் ராவுத்தரின் அதே மூக்கு, அதே புருவம், பட்டை இறுக இறுக என் விரல்கள் பாட்டுக்கு மடங்கி நிமிர்ந்து விலை கேட்க ஆரம்பித்துவிட்டன. ‘ஏன் மாமா விரலை ஆட்டுறீக?’ என்றான். ‘நீ என்ன கொடுப்பேன்னு பார்க்கேன் மாப்ளே’ என்று சொல்லத்தான் நினைத்தேன், வாயில் காற்றுதான் வந்தது. கொதிப்பு அளக்கிற பெட்டிக்குள் பாதரசம் அவன் பக்கமாக ஏறியது, எனக்குத் தெரியவில்லை. நூற்றைம்பத்தாறு என்றான். அது ஏதோ ஏலக்காய் விலை என்று நினைத்து நான் படியவில்லை என்று தலையை ஆட்டியிருக்கிறேன்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் மொக்கச்சாமியை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை… நினைக்கக் கூடாது… அவரும் தரகர்தான், என்னைவிடக் கெட்டிக்காரர், அவரையும் யாரோ ஒரு டாக்டர் ‘கோவத்தைக் குறையுங்க’ என்று சொல்லித்தான் அனுப்பினார், குறைப்பதாவது! ஒரு நாள் மண்டியில் துண்டுக்குள் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றவர் அப்படியே மூட்டை மேல் சரிந்தார். விரல்கள் தளர்ந்தன. எதிர்க்கை வியாபாரி அதைச் ‘சரி, முடித்துக்கொள்வோம்’ என்று எடுத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டான், மனிதன் விழுந்ததையே பிறகுதான் பார்த்தான். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிற்று. கட்டிலில் கிடந்தவரைப் பார்க்கப் போனபோது போர்வைக்குள் என் கையை விட்டேன், யோசித்து விடவில்லை, பழக்கம், விட்டதும் அந்தச் செத்த விரல்களில் இரண்டு லேசாக என் விரலை அழுத்தின. என்ன சொன்னார்? விலை இல்லை. விலையாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்று நான் இன்றைக்கு வரைக்கும்… மூச்சு, மூச்சு. இழு. இந்தப் பெஞ்சி ஏன் இப்படி ஆடுகிறது, நான்தான் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ‘சும்மா இருங்க’ என்று சுருளியம்மாள் என் முழங்காலைப் பார்த்துச் சொல்கிறாள். காலையிலிருந்து இதுதான் முதல் வார்த்தை.

மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், காலையில் நடக்க வேண்டும், படுத்தால் தூங்க வேண்டும், இறங்குகிற வரைக்கும் மலைப்பாதை கூடாது… இவ்வளவுதான் ஹபீப் சொன்னது. மருந்துகூடக் கொடுக்கவில்லை. ‘பாதி வைத்தியம் உங்க கையில இருக்கு, மீதி அத்தை கையில இருக்கு’ என்று சிரித்துக்கொண்டே சொன்னான், அதை இவள் அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்டாள். மறுநாளே எங்கள் தெருவில் கெட்ட செய்தி என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. செத்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போனார்கள். சண்டை போட்டுக்கொண்டவர்கள் என்னைக் கண்டதும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். பேப்பர் வருவது நின்றது, கேட்டால் ‘மதுரையில பேப்பர் தீந்துபோச்சாம்’ என்றாள். தேவிகுளமும் பீருமேடும் நம் பக்கம் வரும் வரும் என்று தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் போன வருஷம் மாநில எல்லைக்கோடு போட்டபோது இரண்டும் கேரளா பக்கமே விழுந்துவிட்டதைப் பற்றி யாரும் என் முன்னால் மூச்சு விடுவதில்லை, போடிமெட்டு என்ற பேரைச் சொல்வதற்கே தேநீர்க்கடை ஜக்கையன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறான். ‘மழை எப்படிடா?’ என்றால் ‘தேவையான அளவுக்குப் பெஞ்சிருக்குண்ணே, கூடவும் இல்ல, குறையவும் இல்ல’ என்கிறான், போடியில் என்றைக்கடா அப்படி ஒரு மழை பெய்திருக்கிறது! ‘ஏலக்காய்?’ ‘நல்லா இருக்குண்ணே.’ ‘விலை?’ ‘அதுவும் நல்லா இருக்குண்ணே.’ விற்கிறவனுக்கு நல்லதா வாங்குகிறவனுக்கு நல்லதா என்று கேட்பதற்குள் பாய்லருக்குள் தலையை விட்டுக்கொள்கிறான். முதல் வாரம் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது, எதையோ மறைக்கிறார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் தோண்டிக்கொண்டு திரிந்தேன், கோழி கூவினால்கூட எனக்குத் தெரியாமல் எதையோ கூவுகிறது என்று பட்டது. பிறகு… பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுகமாகவே இருந்தது. சிக்கந்தர் ராவுத்தரும் இல்லை, மண்டிக்குப் போவதும் இல்லை, ஊர் முழுக்க நல்லதே நடக்கிறது, நான் மகாராஜா மாதிரி விடியற்காலையில் குரங்கணிப் பாதையில் நடக்கிறேன், வந்தால் உப்பில்லாத கஞ்சி, மத்தியானம் ஒரு தூக்கம், அப்படி ஒரு தூக்கம், என் குறட்டையில் பக்கத்து வீட்டு ஓடு இரண்டு நகர்ந்தது.

இடையில் இரண்டு தடவை இவள் தேவாரத்தில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய் வந்தாள், அவன் காட்டுக்குள் யானை புகுந்து சோளத்தை மிதித்துவிட்டதாம், ஒரு தடவை போனவள் நாலு நாள் கழித்துத்தான் வந்தாள். ‘என்னடி யானை இன்னமும் காட்டுக்குள்ளதேன் நிக்குதா?’ என்றேன். ‘நீங்க யானையை நினைக்காதீக, உங்களுக்கு ஆகாது’ என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். யானை மிதித்த சோளத்துக்காக என் ரத்தம் எதற்குக் கொதிக்க வேண்டும்?

‘மாமா, வாங்க’ என்று உள்ளேயிருந்து குரல். எழுந்தேன், எழுந்ததும் நெஞ்சு ஆரம்பித்துவிட்டது, அடப் பாவி, பல்லி, பல்லி எங்கே போயிற்று. நாற்காலி, மேஜை, அதே பெட்டி, மூடி திறந்து அவன் பக்கமாக நிற்கிறது. சுருளியம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள், அவளுக்கு எண் தெரியாது, ஆனால் அந்த வெள்ளிக்கோடு போன தடவை எங்கே வரைக்கும் ஏறியது என்று அவள் கண்ணுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பட்டை விழுந்தது. இறுகியது. இது வைத்தியம் தவசி, இது மண்டி இல்லை… விரல்களுக்கு யார் சொல்வது, சுண்டு விரல் மெல்ல மடங்குகிறது, எதிரே அந்தப் புருவம், ராவுத்தர் இப்படித்தான் புருவத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்… உஸ் என்று காற்றை விட்டான். ஹபீப் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத முகம் எனக்குத் தெரியாதா? இறங்கவில்லை. வளையல் போச்சு. ஜீப் போச்சு. ‘மாமா’ என்றான், ‘இப்ப கைக்குள்ள என்னமோ பேசினீகளே, என்ன விலை அது?’ நான் திருதிருவென்று விழித்தேன். ‘விலையா?’ ‘எங்க அத்தாவும் வீட்ல சாப்பிடும்போதே விரலை மடக்கிக்கிட்டு இருப்பாக, எனக்குத் தெரியும் மாமா. என்ன விலைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க.’ வாயைத் திறந்தா? நாற்பது வருஷத் தொழிலில் நான் ஒரு விலையை வாயால் சொன்னது கிடையாது, பெற்ற தகப்பன் கேட்டபோதுகூடத் துண்டைப் போட்டுத்தான் சொன்னேன். ‘கூச்சப்படாதீக, இங்க வாங்குறவனும் இல்ல, விக்கிறவனும் இல்ல.’ சொன்னேன். முதலில் முணுமுணுப்பாக, அவன் காதைக் கையால் குவித்துக் காட்டியதும் சத்தமாக, என்ன விலை கேட்டேன், எவ்வளவுக்கு இறங்கலாம் என்று வைத்திருந்தேன், அவன் அத்தா எந்த இடத்தில் என்னை மடக்குவார், மடங்காமல் நான் எப்படி வழுக்கி ஓடுவேன், எல்லாம், ஒரு முழு வியாபாரத்தையும் கொட்டினேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவனும் சிரித்தான், சிரிக்கச் சிரிக்க நெஞ்சுக்குள்ளே ஒரு முடிச்சு தானாக அவிழ்கிற மாதிரி, விரல்கள் மேஜை மேல் மல்லாந்து கிடந்தன, செத்த மீன்கள் மாதிரி, பேச ஒன்றும் இல்லாமல். அப்போதுதான் மறுபடியும் உருண்டையை அழுத்தினான். ‘நூத்தி முப்பத்திநாலு. பாருங்க, சொல்லிட்டா இறங்கிருது. மலைக்குப் போகலாம் மாமா.’

போகலாம்! நான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் இன்னொரு தடவை பார்த்திருந்தால் பாதரசம் கூரையைப் பொத்துக்கொண்டு போயிருக்கும். ‘கேட்டியாடி, போகலாமாம்! செவ்வாய்க்கிழமையே ஜீப்புக்குச் சொல்லிருவோம், வளையலை நானே போயி எடுப்பேன், கண்ணாடி வளையல் ரெண்டு கைக்கும் முழங்கை வரைக்கும், நடந்தா அந்த எஸ்டேட்டே கலகலன்னு கேக்கணும், கேரளாக்காரனுக்கே கேக்கணும்…’ சுருளியம்மாள் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் மேலேயே நின்றிருக்கலாம் என்கிற மாதிரி… இது என்ன முகம்? என் கொதிப்பு இறங்கினதில் இவளுக்கு என்ன நட்டம்? அந்த நேரத்துக் குஷியில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, ‘மாப்ளே, இவளுக்கும் ஒரு பிடி பிடிச்சுப் பாரு, கல்லை மாதிரி நிக்கிறா, உள்ள ரத்தம் ஓடுதான்னே சந்தேகமா இருக்கு’ என்றேன். ‘எனக்கென்ன கேடு, வாங்க போவோம், சோலி கிடக்கு’ என்றாள். ‘உக்காருங்க அத்தை, ஒரு நிமிசம்’ என்றான் ஹபீப், அவன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் போய் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், வேடிக்கை பார்க்க. இந்தப் பக்கத்திலிருந்து பெட்டி நன்றாகத் தெரிந்தது. அவள் கையை நீட்டினாள். பட்டை சுற்றும்போது அந்தக் கை அசையவில்லை, ஒரு விரல் மடங்கவில்லை, எதையும் கேட்கவில்லை, எதையும் மறுக்கவில்லை, கொடு என்றால் கொடுத்துவிடுகிற கை. கோடு ஏறியது. ஏறியது. காற்றை விட்டுக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் தலையைச் சாய்த்தான், அந்த இடத்தில் வெள்ளிக்கோடு துடிக்க ஆரம்பித்தது, அந்த இடம் என் நூற்றைம்பத்தாறுக்கு எவ்வளவோ மேலே. எனக்காவது விரல் பேசியதால் ஏறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இவள் விரல் எதையுமே பேசவில்லையே. ஹபீப் இன்னொரு தடவை பார்த்தான். அதே இடம். பட்டையை உருவிவிட்டு, ‘அத்தை, தூங்கி எம்புட்டு நாளாச்சு?’ என்றான், மெதுவாக. ‘யாரு தூங்கல?’ ‘சொல்லிருங்க அத்தை. இனிமே மாமா கிட்ட சொல்லலாம், ஒண்ணும் ஆகாது.’ அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ‘வீட்டுக்குப் போயி சொல்லிக்கிறேன் தம்பி’ என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்துவிட்டோம். வெயில் அடிக்கிறது, மலை மேல் மட்டும் கருப்பாக மழை. எதைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போய்? கேட்கலாம், இங்கேயே கேட்கலாம், வாய் இருக்கிறது, சற்று முன்தான் வாயைத் திறந்து நாற்பது வருஷத்தைக் கொட்டினேன்… கேட்கத் தேவையில்லை. எனக்குத் தெரிகிறது. நாலு நாள் தேவாரத்தில் இருந்துவிட்டு வந்தவள் சேலையில் புகை இருந்தது, அடுப்புப் புகை இல்லை, எஸ்டேட்டில் பச்சை ஏலக்காயை வாட்டுகிற ஸ்டோர்க் கொட்டகைப் புகை, அது சோளக்காட்டில் அடிக்காது, மலைக்கு மேலேதான் அடிக்கும், அதுவும் இந்தப் பருவத்தில், உலகத்தில் வேறு எந்த மூக்கு ஏமாந்தாலும் என் மூக்கு ஏமாறுமா? அவள் மகளிடம் போயிருக்கிறாள். இரண்டு தடவை. ஏழு மாதக்காரியிடம், சொல்லாமல், ஏன்? வளையல் போடப் போகிற பிள்ளையை எதற்காக ரகசியமாகப் போய்ப் பார்க்க வேண்டும், எதற்காகத் தூங்காமல் கிடக்க வேண்டும், எதற்காக இந்தக் காலையில், போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அப்படி ஒரு முகம்… போட வளையல் இல்லை. அதுதான். வயிற்றில் பிள்ளை இல்லை. போய்விட்டது. அன்னக்கொடி மேலே, அந்த மழையில், அந்தப் புகையில், தனியாகப் படுத்துக் கிடக்கிறாள், கீழே தாய்வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொள்ளக்கூட முடியாமல், ஏனென்றால் கீழே நான் இருக்கிறேன், மூச்சை இழுத்து மூச்சை விட்டுக்கொண்டு, மகாராஜா மாதிரி, மத்தியானம் தூங்கிக்கொண்டு.

‘அண்ணே, எம்புட்டு?’ என்று ஜக்கையன் கடையிலிருந்தே கத்துகிறான். ஊருக்கே தெரியும் எனக்கு இன்றைக்குப் பார்க்கிற நாள் என்று. ‘எறங்கிருச்சுடா!’ என்று கத்தினேன், பழக்கம், குரல்கூட நடுங்கவில்லை, துண்டுக்கு மேலே பேசுகிற குரல். ‘அப்படிப் போடுங்கண்ணே! அப்ப மலைக்கு…’ என்று ஆரம்பித்தவன் எனக்குப் பின்னால் வருகிறவளைப் பார்த்துவிட்டான், வாக்கியத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு ஒரு காலித் தம்ளரைக் கழுவ ஆரம்பித்தான். அவனுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். என்னைத் தவிர எல்லோருக்கும்… அப்படியா? என்னைத் தவிரவா? அந்தப் புகை என் மூக்கில் ஏறிய ராத்திரி நான் என்ன செய்தேன்? ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், ‘எங்கடி போயிட்டு வர்ற?’ என்று, அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள், முடிந்திருக்கும். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் முடிவு செய்தாள் என்று நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்?

அவள் எப்போதும் போல எனக்கு ஓர் எட்டு பின்னாலேயே வருகிறாள். நான் மெதுவாக நடந்தால் அவளும் மெதுவாக நடக்கிறாள், எவ்வளவு மெதுவாக நடந்தாலும் முன்னால் வர மாட்டேன் என்கிறாள், இத்தனை வருஷமாக இப்படித்தான் நடக்கிறோம், தெருவில் இவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. நின்றேன். பின்னால் காலடியும் நின்றது. திரும்ப வேண்டும், திரும்பினால் போதும், இவள் வாயைத் திறந்து விடுவாள், இவளுக்கும் இறங்கிவிடும், வீடு வரைக்கும் எதற்காக இதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்… நெஞ்சு அடிக்கிறது, திம் திம் என்று, நூற்று முப்பத்துநாலு எங்கே போயிற்றோ, பல்லி கில்லி எதுவும் நினைவுக்கு வரவில்லை. ‘என்னங்க, ஏன் நின்னுட்டீக, தலை சுத்துதா?’ என்கிறாள், அந்தக் குரலில் பதற்றம், என் பொருட்டு, இப்போதும் என் பொருட்டுத்தான். ‘இல்ல’ என்றேன், ‘ஒண்ணும் இல்ல, வா.’ அதோ அந்த வேப்பமரம் வரைக்கும் போய்விடலாம், அங்கே நிழல் இருக்கிறது, நிழலில் வைத்துத் திரும்பலாம், என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் என் கால்கள் மரத்தைத் தாண்டிப் போவதற்கு இப்போதே வழி பார்த்துக்கொண்டிருக்கின்றன.